லூர் நீடிக்கவும் வாரண்டி கைவிடாதிருக்கவும்: தூண்டில்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு லூரின் (மீனை ஏமாற்றிக் கடிக்கவைக்கும் செயற்கை இரை) அட்டையில் "உற்பத்திக் குறைபாட்டுக்கு வாரண்டி உண்டு" என்று அச்சிட்டிருந்ததை நம்பி 1,350 ரூபாய் கொடுத்து வாங்கி, மூன்றாம் முறை தண்ணீரில் போட்டபோதே அது ஒருக்களித்து நீந்துவதைப் பார்த்து நின்றவன் நான். இடம் முட்டுக்காடு, கழி கடலில் சேரும் வாய்க்குச் சற்று உள்ளே, நீர் வடிந்துகொண்டிருந்த நேரம், கொடுவா இரை தேடும் பொழுது. சுருட்டி எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே உருளும் எஃகுக் குண்டுகளின் சத்தத்தோடு, பாதி குடித்த இளநீரைக் குலுக்கினாற்போல இன்னொரு சத்தமும் கேட்டது. உடலின் இரு பாதிகளும் சேரும் பொருத்துவாய் வழியே உள்ளே நீர் புகுந்திருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன், பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது, லூரை என் செலவிலேயே வெளிமாநில முகவரிக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "கடினமான பரப்பில் மோதியதால் விரிசல் விட்டிருக்கலாம், இது வாரண்டியில் அடங்காது" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டு, திருப்பி அனுப்பும் கூலியையும் என்னிடமே வாங்கினார்கள். மோதவில்லை என்று காட்ட என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதில் நிறுவனத்தின் மீது எனக்கு இருந்த கோபம் பாதி தணிந்ததற்குக் காரணம், அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது என்பது பிறகு புரிந்ததுதான். லூர் கெடுவதற்கான காரணம் தயாரிப்பில் இருந்ததா, பயன்படுத்தியவர் கையில் இருந்ததா என்பதைக் கெட்ட பிறகு பார்த்துச் சொல்வது மிகக் கடினம். அதைச் சொல்லக்கூடிய சான்றுகள் எல்லாம் பெட்டியைப் பிரிக்கும் முதல் நாளிலேயே எளிதாகக் கிடைக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி புகார்க் கடிதத்தில் தொடங்காமல் கடை மேசையில் தொடங்குகிறது.

வாரண்டி எதை ஏற்கிறது, எதை ஏற்பதில்லை

ராடுக்கும் (தூண்டில் கோல்) ரீலுக்கும் (நரம்பு சுற்றும் உருளை) தரப்படும் வாரண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு லூர் வாரண்டியைப் படிக்கக் கூடாது. பாறையில் மோதுவதும், பல்லில் கடிபடுவதும், தூண்டில் நரம்பு அறுந்து நீருக்குள்ளேயே தங்கிவிடுவதும் லூரின் அன்றாட வாழ்க்கை என்பதால், தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதைத் தீர்ந்துபோகும் பொருளாகவே கருதுகிறார்கள். பலர் வாரண்டி என்ற சொல்லையே அட்டையில் போடுவதில்லை. போடுகிறவர்களும் மூலப்பொருளிலும் செய்முறையிலும் உள்ள குறைபாடு என்ற வரம்போடு நின்றுகொண்டு, வழக்கமான தேய்மானம், மீன் பற்களின் சேதம், மோதல், துரு, பெயிண்ட் உரிதல், வெப்பம், ரசாயனம், உரிமையாளர் செய்த மாற்றங்கள் ஆகியவற்றை விலக்கிவிடுகிறார்கள். ஒரு லூர் வழக்கமாக எப்படிச் சாகும் என்று யோசித்துப் பார்த்தால், அந்த விலக்குப் பட்டியலில் இல்லாத சாவு மிகக் குறைவு என்பது தெரியும்.

மிஞ்சுவன சில. இரு பாதிகளைச் சேர்த்த பொருத்துவாய் சரியாக ஒட்டாமல் நீர் புகுதல். நரம்பு கட்டும் வளையமோ தூண்டில் முள் தொங்கும் வளையமோ இயல்பான இழுப்பிலேயே உடலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருதல். மூக்கின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கும் லிப் கோணலாகப் பதிந்து, முதல் வீச்சிலிருந்தே லூர் ஒரு பக்கமாக ஓடுதல். மிதக்க வேண்டியது மூழ்குதல். வாரண்டி கேட்டு வெல்லக்கூடியவை ஏறக்குறைய இவை நான்கும்தான். பெயிண்ட் உரிந்ததற்காகக் கடிதம் எழுதி யாரும் புது லூர் பெற்றதை நான் பார்த்ததில்லை.

"வாழ்நாள் வாரண்டி" என்ற சொல்லைக் கண்டால் யாருடைய வாழ்நாள் என்று கேட்டுவிடுங்கள். வாங்கியவரின் ஆயுள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விதிமுறையில் அது பெரும்பாலும் அந்தப் பொருளின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் என்று எழுதப்பட்டிருக்கும், அந்த ஆயுள் எத்தனை மாதம் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அத்துடன், வாரண்டியைத் தருபவர் தயாரிப்பாளரா, இறக்குமதியாளரா, கடைக்காரரா. எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். போக்குவரத்துக் கூலி யார் தலையில். அதே நிறம் இல்லையென்றால் என்ன தருவார்கள். தூண்டில் முள்ளை மாற்றினால் வாரண்டி செல்லாமல் போகுமா என்பவற்றையும் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாயால் சொன்ன பதிலுக்கு மறுநாள் ஆயுளில்லை.

கடை மேசையில்

முதலில் அட்டையைப் பாருங்கள். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி, இறக்குமதி செய்து விற்கப்படும் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான மாதமும் ஆண்டும், புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் வெளிநாட்டு லூர்களில் கணிசமானவை யாரோ ஒருவர் பயணப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவை. அவற்றில் இந்த ஒட்டுச்சீட்டு இருக்காது. விலை குறைவாக இருக்கும், பொருளும் அசலாகவே இருக்கலாம். ஆனால் கெட்டுப்போனால் பதில் சொல்ல இந்தியாவில் எவரும் இல்லை என்று தெரிந்தே வாங்குங்கள். வெளிநாட்டு நிறுவனம் மாற்றுப் பொருள் தர ஒப்புக்கொண்டாலும், அனுப்பும் கூலியும் வாசலில் கேட்கும் சுங்கவரியும் சேர்ந்து லூரின் விலையையே தொட்டுவிடலாம்.

போலிப் பொருள் இன்னொரு தொல்லை. பெயர் பெற்ற பிராண்டின் அட்டையை அப்படியே அச்சடித்து, உள்ளே மூன்றாம் தரப் பொருளை வைத்து விற்கிறார்கள். எடை அட்டையில் உள்ளதோடு பொருந்தாதிருத்தல், எழுத்துப் பிழைகள், கண்ணின் ஒட்டு விலகியிருத்தல், விரலால் அழுத்தினாலே வளையும் தூண்டில் முள் ஆகியவை அடையாளங்கள். இதற்கு வாரண்டி கேட்டால், அசல் நிறுவனம் "எங்கள் பொருள் அன்று" என்று சொல்வது நியாயமே. அப்போது புகார் விற்றவர் மீதுதான் செல்ல வேண்டும்.

பிறகு லூரையே கையில் எடுங்கள். கெட்டியான லூர்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு, ஒலியதிர்வாலோ கரைப்பானாலோ ஒட்டப்படுகின்றன. முதுகிலிருந்து வயிறு வரை ஓடும் அந்தப் பொருத்துவாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நகத்தால் மெல்ல வருடுங்கள். நகம் ஓரிடத்தில் தட்டினால் அந்த லூரைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். லிப் தனித் தகடாகச் செருகப்பட்டதா, உடலோடு சேர்த்து வார்க்கப்பட்டதா என்று பாருங்கள். செருகப்பட்டதாயின் அதன் அடியைச் சுற்றிலும் பசை முழுமையாக நிறைந்திருக்க வேண்டும். மூக்கு நேரே தெரியும்படி பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், நரம்பு கட்டும் வளையமும் லிப்பின் நடுவும் வயிற்று வளையமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

உள்ளே ஓடும் கம்பியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய மீனுக்கான லூரில் வளையங்கள் எவ்வாறு பதிந்திருக்கின்றன என்பதே அதன் உயிர். மலிவான வகையில் ஒவ்வொரு வளையமும் தனித்தனித் துண்டாகப் பிளாஸ்டிக்குக்குள் பதிந்தோ, திருகாணியாக மரத்தில் முறுக்கப்பட்டோ இருக்கும். மீன் இழுக்கும் விசை முழுவதையும் அந்த இடத்துப் பிளாஸ்டிக்கோ மரமோதான் தாங்க வேண்டும். மற்றொரு வகையில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே எஃகுக் கம்பி ஓடி, எல்லா வளையங்களும் அதிலேயே வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். உடல் சுக்குநூறானாலும் மீன் கம்பியோடு கரைக்கு வந்துவிடும். ஏரி விராலுக்கு முதல் வகையே போதும். அந்தமான் பக்கம் பெரும்பாறை மீனுக்குப் போகிறவர்களும், ஆழ்கடலில் வஞ்சரத்துக்கு இழுவை போடுகிறவர்களும் இரண்டாவது வகை அல்லாத எதையும் பையில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏரிக்கென்று செய்த லூரைப் பெரும்பாறைக்குப் போட்டு, வளையம் பிடுங்கிக்கொண்டது என்று வாரண்டி கேட்டால், "பரிந்துரைத்த பயன்பாட்டுக்கு மாறானது" என்ற ஒரு வரியில் கதை முடிந்துவிடும். அந்த வரியில் தவறும் இல்லை.

முதல் நாள் பதிவு

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. ரசீதையும் அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் வெளுத்துப் போகும் என்பதால் படம் அவசியம். லூரை இரு பக்கமும், முதுகும், வயிறும், மூக்கும் தெரியுமாறு பகல் வெளிச்சத்தில் ஐந்து படங்கள் எடுங்கள். நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் முட்களோடும் வளையங்களோடும் லூரை நிறுத்தி, எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அட்டையில் போட்டிருக்கும் எடையை நம்பிப் பயனில்லை, ஒரே அச்சில் வந்த இரண்டு லூர்கள்கூடக் கொஞ்சம் வேறுபடும். உங்கள் லூரின் முதல் நாள் எடை உங்களிடம் இருந்தால், நீர் புகுந்த பிறகு எத்தனை கிராம் கூடியது என்பதை யாரும் மறுக்க முடியாது. மேலே சொன்ன என் லூர் அட்டையில் போட்டிருந்தபடி 21 கிராம்; நீர் புகுந்தபின் 23.4. ஆனால் முதல் நாளில் அது எவ்வளவு இருந்தது என்று நிறுவனம் கேட்டபோது என்னிடம் பதிலில்லை.

அடுத்து நீர்ச் சோதனை. ஒரு வாளியில் கைபொறுக்கும் வெந்நீர் எடுத்து, முட்களைக் கழற்றிய லூரை அதற்குள் அமிழ்த்திப் பிடியுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெளியேற வழி தேடும். பொருத்துவாயில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கிருந்து சிறு குமிழிகள் வரிசையாக எழும். அரை நிமிடம் போதும். இதில் முக்கியமானது, லூரை நீருக்குள்ளேயே ஆறவிடாமல் சூட்டோடு வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும் என்பது. ஆறினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வந்த வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் படகின் பலகையில் சுடச்சுடக் கிடந்த லூரைக் குளிர்ந்த நீரில் வீசும்போது நடப்பதும் இதுவே. குமிழி வந்தால் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து, அந்த லூரை ஒரு முறைகூட வீசாமல் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கீறலே இல்லாத முள், கீறலே இல்லாத பெயிண்ட், குமிழி எழும் காணொளி ஆகிய மூன்றும் சேர்ந்தால் வாதாட எதுவும் இருக்காது.

கெடாமல் காக்கும் வழி

லூரோடு வரும் முட்களும், அவற்றை உடலோடு இணைக்கும் ஸ்பிளிட் ரிங்குகளும் பெரும்பாலும் உடலின் தரத்துக்குக் குறைந்தவை. கடலுக்கும் கழிமுகத்துக்கும் போகிறவர்கள் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ரிங்குகளாகவும் தகரப்பூச்சு உள்ள கனமான முட்களாகவும் மாற்றிக்கொள்வது வழக்கம். மாற்றும்போது இரண்டு கவனம் தேவை. ஒன்று, எடை கூடினால் நீரின் நடுவே நிற்க வேண்டிய லூர் மூழ்கத் தொடங்கும் என்பதால் பழைய முட்களின் எடைக்கு இயன்றவரை நெருக்கமாக எடுக்க வேண்டும். மற்றொன்று, கழற்றிய அசல் முட்களை ஒரு சிறு பொட்டலத்தில் போட்டு அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். மாற்றியமைத்ததால் வாரண்டி செல்லாது என்று சொல்லும் நிறுவனத்துக்கு லூரை அசல் உருவிலேயே அனுப்ப அது உதவும்.

உப்புநீரில் போட்ட லூரை அன்று மாலையே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்த பிறகே பெட்டியில் போட வேண்டும். ஈரத்தோடு போட்ட ஒரே ஒரு முள், பெட்டிக்குள் ஈரப்பதத்தைப் பரப்பி மற்ற முட்களையும் துருவேற்றிவிடும். துருக்கறை வெள்ளை வயிற்றில் படிந்தால் போகவே போகாது. அன்று பயன்படுத்தியவற்றை மற்றவற்றோடு கலக்காமல் தனி டப்பாவில் கொண்டுவருவது என் பழக்கம்.

வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் கோடையில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கெட்டி லூரின் பொருத்துவாய் நெகிழும், மேற்பூச்சு கொப்பளிக்கும், மென் லூர்கள் மடங்கிய வாக்கில் நிரந்தரமாக வளைந்துவிடும். மென் லூர்களிலும் இரண்டு இனங்கள் உண்டு. வழக்கமானவை, மென்மையூட்டும் எண்ணெய் கலந்த பிவிசி. மற்றவை மிகவும் இழுபடக்கூடிய டிபிஇ. டிபிஇ வகை பற்களுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் பிவிசி லூரோடு ஒரே பெட்டியில் கிடந்தால் இரண்டும் உருகிப் பசையாகிவிடும். பிவிசியில் உள்ள எண்ணெய் சிலவகைப் பெட்டிகளையும் கெட்டி லூரின் பெயிண்டையும்கூடக் கரைக்கும். வாங்கிய உறையிலேயே வைத்திருப்பதைவிடச் சிறந்த சேமிப்பு முறை கிடையாது. இதை அறியாமல் பெட்டியோடு உருக்கிவிட்டு நிறுவனத்தைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டு செல்ல வேண்டிய திசை வேறு.

ஏரிக்கரையில் விராலுக்கு நிற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, கொசு விரட்டிக் களிம்பு. அதில் டீட் என்னும் வேதிப்பொருள் இருந்தால், அது பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் இளக்கும் இயல்புடையது. களிம்பு தடவிய கையால் லூரைப் பிடித்தால் மேற்பூச்சில் விரல் ரேகையே பதிந்து நிற்கும். களிம்பைப் புறங்கையால் பூசிக்கொள்ளுங்கள், அல்லது உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முடிச்சுப் போடுங்கள்.

உள்ளே காற்றடைத்த தவளை லூர் விரால்காரர்களின் முதல் ஆயுதம். அதன் ஆயுள் மிகக் குறைவு என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விராலின் பற்கள் ஒரே கடியில் ஓட்டையிட்டுவிடும். மூக்குத் துளை வழியே சிறிது நீர் புகுவது அதன் அமைப்பிலேயே உள்ளது, குறைபாடு அன்று. சில வீச்சுகளுக்கு ஒரு முறை வயிற்றை அழுத்தி நீரைப் பீய்ச்சிவிட்டால் போதும். வீடு திரும்பியதும் நன்றாகப் பிழிந்து, மூக்கு கீழே இருக்கும்படி தொங்கவிட்டால் இரட்டை முள்ளின் தண்டு உள்ளிருந்து துருப்பிடிக்காது.

பின்னி முறுக்கிய பிரெய்டு நரம்பைக் கட்டி, ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க உதவும் டிராக்கை முழுதும் இறுக்கி, செடியிலோ பாறையிலோ மாட்டிய லூரை ராடை வளைத்து இழுப்பவர்கள் உண்டு. முள் நிமிர்வதும் வளையம் பிடுங்கிக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான் நிகழ்கின்றன. மாட்டிக்கொண்டால் எதிர்த்திசைக்கு நடந்து சென்று மெல்ல ஆட்டி விடுவிக்கப் பாருங்கள். வராவிட்டால் நரம்பை ஒரு கட்டையில் சுற்றி நேராக இழுங்கள். அப்படி இழுத்த லூரை மீண்டும் வீசும் முன் வளையத்தின் அடியில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். பாலத் தூணில் அடித்து லிப் உடைந்ததை "தானாகவே உடைந்தது" என்று எழுதுவதும் வேண்டாம். உடைந்த விளிம்பைப் பார்த்தாலே அனுபவமுள்ளவர் கண்டுபிடித்துவிடுவார், பிறகு உண்மையான குறைபாட்டோடு வருகிற அடுத்தவரையும் அவர் நம்பமாட்டார்.

கெட்டுப்போனபின் எழுத வேண்டிய முறை

குறை தெரிந்த அன்றே அந்த லூரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். ஒட்டவோ துளையிடவோ முயலாதீர்கள். நீர் புகுந்திருந்தால் உடனே எடைபோட்டுப் படமெடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாதி ஆவியாகியிருக்கும். பிறகு கடைக்கும், அட்டையில் உள்ள இறக்குமதியாளருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். கோபத்தைத் தவிர்த்து, நாளும் எண்ணும் உள்ள சிறு கடிதமே வேலை செய்யும். பின்னொரு முறை வேறொரு லூருக்காக நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இந்த மாதம் 4-ஆம் தேதி உங்கள் கடையில் வாங்கிய 11 செ.மீ. லூரின் ரசீதும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. வாங்கிய நாளில் அதன் எடை 18.32 கிராம். இரண்டாம் முறை பயன்படுத்தியபின், 12-ஆம் தேதி, 19.87 கிராம். வெந்நீரில் அமிழ்த்தியபோது வால் பக்கப் பொருத்துவாயிலிருந்து குமிழி எழுவதைக் காணொளியில் காணலாம். வெளிப்பரப்பில் மோதிய தழும்பு எதுவும் இல்லை என்பதை நெருங்கி எடுத்த படங்களில் பார்க்கலாம். அட்டையில் குறிப்பிட்ட வாரண்டியின்படி மாற்றுப் பொருளோ முழுத் தொகையோ 15 நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு லூர் தேவையெனில், அனுப்பும் செலவை ஏற்பதாக உறுதிசெய்த பின் அனுப்புகிறேன்."

இதற்கு நான்காம் நாள் மாற்று லூர் வந்தது. நிறம் வேறு, பரவாயில்லை என்று வைத்துக்கொண்டேன். நிறுவனம் வேறு என்பதால் மனம் வேறாக இருந்திருக்கலாம், ஆனால் காணொளி இல்லாமல் அந்தப் பதில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பதில் வரவில்லை என்றால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இங்கே நமக்குத் துணை. அதன் பிரிவு 2(10) குறைபாடு என்பதை வரையறுக்கும்போது, விற்பவர் எவ்வகையிலேனும் உரிமை கொண்டாடிய தரத்தில் உள்ள குறையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே "நீர் புகாது", "40 கிலோ இழுப்பைத் தாங்கும்" என்ற விளம்பர வரிகளைப் படமெடுத்து வைப்பது வீண் வேலை அன்று. பிரிவு 2(47), தகுந்த சோதனை செய்யாமல் ஒரு பொருளின் ஆயுளுக்கோ செயல்திறனுக்கோ வாரண்டி தருவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது; சோதனை செய்தோம் என்று நிறுவனம் சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும். ரசீது தராமல் இருப்பதும், ரசீதில் காலம் குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவில் வருகின்றன. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் ஒட்டியிருக்கும் கடையில் இந்தக் கடைசி விதியை அமைதியாக எடுத்துச் சொன்னால், பல நேரங்களில் அதற்கு மேல் போக வேண்டிய தேவையே இருக்காது.

இணையத்தில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். பொதுவான அரட்டைப் பெட்டியில் எழுதிக் காத்திருப்பதைவிட அவருக்கே எழுதுங்கள். அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்துப் பதிவு செய்தால் புகார் எண் கிடைக்கும், நிறுவனத்துக்கும் செய்தி போகும். கட்டணம் இல்லை.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஆனாலும் ஒரே ஒரு 900 ரூபாய் லூருக்காக ஆணையத்தின் படியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தேதி கேட்டு அலையும் பேருந்துக் கட்டணத்திலேயே இன்னொரு லூர் வாங்கிவிடலாம். ஒரு பயணத்துக்கென்று பன்னிரண்டு லூர்களை மொத்தமாக வாங்கி, அவற்றில் பாதி ஒரே விதமாகக் கெட்டிருந்தால் கதை வேறு. மீன்பிடிச் சுற்றுலாப் படகு நடத்துகிறவர்கள் வணிக நோக்கில் வாங்கியதால் நுகர்வோர் ஆக மாட்டார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த வாங்கியது அந்த விலக்கில் வராது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது.

மறுக்கப்பட்ட லூரை என்ன செய்வது

வாரண்டி இல்லையென்று ஆனபின் லூர் முழுமையாக உங்களுடையது. இனித் தயங்காமல் கை வைக்கலாம். நீர் புகுந்த லூரின் வயிற்றில், குண்டுகள் இல்லாத இடம் பார்த்து, 1 மி.மீ. துளையிட்டு, தலைகீழாக நிறுத்தி வடியவிடுங்கள். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் கிடக்கட்டும். பொருத்துவாயின் விரிசலை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இரு குழாய் எபாக்சிப் பசையைக் குச்சிமுனையால் தடவி, கடைசியாகத் துளையையும் அதே பசையால் அடைத்து ஒரு நாள் முழுவதும் இறுகவிடுங்கள். பால்சா மர லூராக இருந்தால் துளையிடக் கூடாது; பல் பதிந்த இடத்தை நன்றாக உலரவைத்துவிட்டு, நிறமற்ற நகப்பூச்சை இரண்டு முறை பூசினால் மரம் ஊதிப்போவதைத் தடுக்கலாம். கிழிந்த பிவிசி மென் லூரின் இரு விளிம்புகளையும் சூடான கத்திமுனையால் தொட்டு உருக்கிச் சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். புகையை முகராமல் இருக்க மொட்டைமாடியில் செய்யுங்கள்.

ஒட்டி முடித்த லூரை மீண்டும் வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி பார்த்து, மீண்டும் எடைபோட்டு, அந்த எண்ணை அழியாத மையால் வயிற்றிலேயே எழுதிவிடுங்கள். முட்டுக்காட்டில் ஒருக்களித்த என் லூர் வடிந்து காய்ந்தபின் 21.5 கிராம் இருந்தது. பசையோடு சேர்த்து 21.8. அந்த எண் அதன் வயிற்றில் இன்னும் இருக்கிறது, இரண்டு கொடுவாக்கள் விட்ட தழும்புகளுக்கு நடுவே.